வீட்டு போனைக் குழந்தையிடம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

மூன்று முதல் எட்டு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் பார்ப்பது அம்மா, அப்பா, தாத்தாவின் போனைத்தான். வாட்ஸ்அப்பும் வங்கிக் கணக்கும் அதே போனில் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனில் அரை மணி நேரம் ஒதுக்கினால் கீழுள்ளவற்றைச் செய்துவிடலாம். மெனுவின் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும்.

1. பூட்டு

பேட்டர்ன் வேண்டாம். விரல் போகும் வழியை இரண்டு தடவை பார்த்தாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஆறு இலக்க பின் வையுங்கள், அவர்கள் எதிரில் அதை அழுத்தாதீர்கள்.

2. பணம்

பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு செட்டிங்ஸுக்குப் போங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி மாற்றுங்கள். கேமில் காயின் வாங்கிக் காசு போவது இங்கேதான். பணம் அனுப்பும் ஆப்பில் உள்ள யுபிஐ லைட் வசதி சிறு தொகைகளுக்கு பின் கேட்காது. அந்த ஆப்புக்குத் தனியாக லாக் போடுங்கள்.

3. யூடியூப் கிட்ஸ்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். சாதாரண யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டுக் கொடுத்தால், ஆட்டோபிளே நாலைந்து வீடியோ தள்ளி எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் யூடியூப் கிட்ஸை நிறுவி, உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, குழந்தைக்கு ஒரு புரொஃபைல் தொடங்குங்கள். 4 வயது வரை, 5–8, 9–12 என மூன்று பிரிவுகள் வரும். நான்காவதாக, நீங்கள் ஒப்புதல் தந்தவை மட்டும் என்று ஒரு தேர்வு உண்டு. ஏழு வயதுக்குக் கீழே என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். பத்து, பதினைந்து சேனல்களை நீங்களே பார்த்துச் சேர்த்தால் போதும்; தேடும் வசதியும் தானாகவே நின்றுவிடும்.

மற்ற பிரிவுகளில் வடிகட்டுவது பெரும்பாலும் கணினி நிரல்தான், அதன் கண்ணில் படாமலும் சில தப்பி வரும். பிரபல கார்ட்டூன் பாத்திரங்களை வைத்தே வன்முறைக் காட்சிகள் செய்து பரப்பிய சேனல்கள் 2017-ல் பெரிய பிரச்சினையாக வெடித்தன. முகப்புப் படத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், நடுவில் ஓட்டிப் பாருங்கள்.

பூட்டுப் படத்தைத் தொட்டால் பெற்றோரா என்று சோதிக்க ஒரு பெருக்கல் கணக்கு வரும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு அது தடையே அல்ல; உங்கள் சொந்த பாஸ்கோடை வையுங்கள். டைமரும் அங்கேயே இருக்கிறது. 2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளில் மொத்தத் திரைநேரம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

4. ஆப் பின்னிங்

ஒரே ஆப்பை விட்டு வெளியே போக முடியாதபடி நிறுத்திவைக்கும் வசதிதான் ஆப் பின்னிங். செட்டிங்ஸில் செக்யூரிட்டிக்குள் இருக்கும், இல்லையென்றால் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள். அதை ஆன் செய்து, விடுவிக்க பின் நம்பர் கேட்கும் தேர்வையும் ஆன் செய்யுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் குழந்தை விரலை அழுத்திப் பிடித்தே வெளியே வந்துவிடும். பிறகு யூடியூப் கிட்ஸைத் திறந்து, சமீபத்திய ஆப்களின் திரைக்குப் போய், அதன் ஐகானைத் தொட்டு, வரும் மெனுவில் 'Pin' என்பதைத் தொடுங்கள். இனி அந்த ஒரு ஆப்தான்.

5. பேச்சு

"பயமா ஏதாவது வந்தா போனை அப்படியே கவுத்து வெச்சுட்டு என்கிட்ட வா. நான் திட்ட மாட்டேன், போனையும் புடுங்க மாட்டேன்." இதைச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒரு தடவை பிடுங்கினாலும் அடுத்த முறை பிள்ளை மறைக்கத்தான் பார்க்கும். கேமில் சாட் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். போட்டோ கேட்பவர், "அம்மாகிட்ட சொல்லாதே" என்பவர், இவர்கள் யாராக இருந்தாலும் உடனே வந்து சொல்லப் பழக்குங்கள்.

அப்படி எதுவும் நடந்துவிட்டால் சாட்டை அழிக்காதீர்கள். அனுப்பியவரின் பெயர், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். குழந்தையின் ஆபாசப் படம் என்றால் ஆதாரத்துக்காகக்கூட யாருக்கும் ஃபார்வர்ட் செய்யக் கூடாது, அதுவே சட்டப்படி குற்றம். இந்தியாவில் குழந்தைகள் உதவி எண் 1098. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930.