கொல்லிமலைக்கு இரண்டு நாள்: எங்கே சொதப்புகிறோம்?

சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பும் கொல்லிமலைப் பயணத்தில் அருவி, சாப்பாடு, காட்சிமுனை எல்லாமே அடங்கும். எதை எந்த நேரத்துக்கு வைக்கிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தவறு அடிவாரத்திலேயே நடக்கிறது. நாமக்கல்லில் பூரியும் பொங்கலும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுவார்கள். காரவள்ளியில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டுவதற்குள் பிள்ளைகள் வாந்தி எடுத்து, அன்றைய உற்சாகமே போய்விடும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பசியை மலைக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஆகாய கங்கை அருவியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்பது. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாக நினைக்கிறேன். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். இங்கே தலைகீழ். இறங்கும்போது சுலபமாக இருக்கும்; அருவியில் குளித்து, களைத்து, ஈரத்துணியோடு திரும்பும்போதுதான் செங்குத்தான ஏற்றம் காத்திருக்கும். மூட்டுவலி, நெஞ்சு சம்பந்தமான தொந்தரவு இருப்பவர்களை "வாங்க, பாத்துக்கலாம்" என்று வற்புறுத்தி இறக்கிவிடாதீர்கள். அவர்கள் கோயிலிலேயே நிம்மதியாக இருக்கட்டும். காலையில் அனுமதி தொடங்கியதும் இறங்கிவிட்டால் வெயிலுக்கு முன் மேலே வந்துவிடலாம். கையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டுப் போனால் குரங்குகள் பிடுங்கிக்கொண்டுதான் விடும்.

அருவியில் தண்ணீர் சட்டென்று கலங்கி, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று பொருள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், அதை நம்பாதீர்கள், உடனே கரையேறுங்கள். மழை வலுத்தால் வனத்துறை படிப்பாதையை மூடிவிடும். அந்த நாளுக்கு மாற்றுத் திட்டம் ஒன்று முன்பே வேண்டும். மாசிலா அருவிக்கு இவ்வளவு படிகள் கிடையாது. ஆனால் அங்கும் விசாரித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சாப்பாட்டில் நடக்கும் தவறு, மலைக்கு மேலே போயும் ஃப்ரைட் ரைஸ் தேடுவது. படி ஏறி வந்த களைப்புக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடியுங்கள். கிழங்கின் மேல் பழுப்பு ரோமம் மூடி, பார்வைக்கு அப்படியே ஆட்டுக்கால் போல இருக்கும். தோலைச் சீவி, நறுக்கி, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துத் தருவார்கள். சுத்த சைவம். நாட்டுக்கோழிக் குழம்பு வேண்டுமென்றால் அருவிக்குப் போகும் முன்பே சின்ன மெஸ்ஸில் சொல்லிவைக்க வேண்டும். இரண்டு மணிக்குப் போய் நின்றால் தீர்ந்திருக்கும். பலாப்பழத்துக்குக் கோடைக் கடைசியில் வர வேண்டும். மிளகு, மலை வாழை, அன்னாசிக்குச் சோளக்காட்டுச் சந்தை. கையில் ரொக்கம் இருக்கட்டும், மலையில் சிக்னலை நம்பிப் பணம் கட்ட முடியாது.

ஆடி 18 ஒட்டி, கொல்லிமலையை ஆண்ட சங்ககால வள்ளல் வல்வில் ஓரிக்கு விழா. ஊர் பார்க்க அருமையான சமயம், அமைதி தேடுபவர்களுக்கு ஆகாது. அந்த நாட்களில் அறை பதிவு செய்யாமல் போகவே போகாதீர்கள்.

கடைசியாக, சீக்குப்பாறை காட்சிமுனையில் சூரியன் மறையும்வரை நின்றுவிட்டு இருட்டில் மலை இறங்குவது. முதல் நாள் மாலையைக் காட்சிமுனைக்குக் கொடுத்து, இரவு மலைமேல் உள்ள செம்மேட்டில் தங்கிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரல் கூடவே கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் முழுப் பாரமும் பிரேக் மேல்தான் விழும். கருகல் வாடை வந்தால் அகலமான வளைவில் ஓரம் கட்டி, பிரேக் நன்றாக ஆறிய பிறகே கிளம்புங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.