தக்காளி விலைச் செய்தியைக் கொண்டு தேவையும் அளிப்பும் கற்பித்தல்: புதிய பொருளியல் ஆசிரியர்களுக்கான செய்முறை

மேல்நிலை வகுப்புகளில் பொருளியல் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர்கள் பலர், பாடத்தை வரையறை, விதி, வரைபடம் என்ற வரிசையில் நடத்தி முடித்துவிட்டு, மணி அடிப்பதற்குச் சற்று முன்பாக அன்றைய செய்தி ஒன்றை உதாரணமாகச் சொல்வது வழக்கம். அவ்வாறு சொல்லப்படும் செய்தி பாடத்துக்கு அலங்காரமாக அமைவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படுவதில்லை. செய்தி சொல்லாமல் விட்ட ஒன்றைப் பாடக் கருத்தின் துணையோடு மாணவர்களே கண்டறிய வேண்டிய நிலையை உருவாக்கினால் மட்டுமே செய்தி கற்பிக்கும் கருவியாகிறது. அந்த நிலையை எவ்வாறு உருவாக்குவது என்பதை, 2023 ஜூலையில் ஏற்பட்ட தக்காளி விலையேற்றத்தை எடுத்துக்கொண்டு இங்கே படிப்படியாகக் காணலாம். பதினோராம் வகுப்பின் தேவை, அளிப்பு, தேவை நெகிழ்ச்சி (விலை மாறும்போது வாங்கும் அளவு எந்த அளவுக்கு மாறுகிறது என்பது) ஆகிய பகுதிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பன்னிரண்டாம் வகுப்பின் பணவீக்கப் பாடத்துக்கும் இதிலிருந்தே வழி உண்டு. நான்கு அல்லது ஐந்து பாடவேளைகள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

படி 1: செய்தியைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறை முயல்பவர்கள் இன்று காலை வந்த செய்தியை எடுக்காமல், நடந்து முடிந்த செய்தி ஒன்றை எடுப்பது நல்லது. இன்றைய செய்தியின் முடிவு ஆசிரியருக்கும் தெரியாது. மாணவர்களின் விளக்கம் சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. தக்காளிச் செய்தியில் விலை ஏறிய காரணம், அரசு எடுத்த நடவடிக்கை, பிறகு விலை சரிந்த விதம் ஆகிய மூன்றும் தெரிந்தவை. அந்த ஆண்டின் கோடையில் பல இடங்களில் விலை அடிமட்டத்துக்குப் போனதால் விவசாயிகள் அடுத்த பயிரைக் குறைத்துக்கொண்டனர். வெப்பமும் இலைச்சுருட்டு நோயும் இருந்த பயிரைப் பாதித்தன. அறுவடைக் காலத்து மழை மீதியைக் கெடுத்தது. ஜூலையில் சென்னையில் சில்லறை விலை கிலோவுக்கு 100 ரூபாயைத் தாண்டியது.

தேர்ந்தெடுக்கும் செய்தியில் விலையோ அளவோ எண்ணாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு தரப்பினரின் நலன் எதிரெதிராக நிற்க வேண்டும். மாணவர்களின் வீட்டுக்குள் அது நுழைந்திருக்க வேண்டும். பங்குச் சந்தைச் செய்திகள் தொடக்கத்தில் வேண்டாம். அவற்றை விளக்குவதற்குள் பாடவேளை போய்விடும், விளக்கிய பிறகும் பெரும்பாலானோருக்கு அது அயலார் விவகாரமாகவே இருக்கும்.

படி 2: கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுதல்

வகுப்புக்குச் செல்லும் முன் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும். செய்தியைப் படித்தாலே விடை கிடைத்துவிடும் கேள்வியாக அது இருக்கக் கூடாது. ‘தக்காளி விலை ஏன் உயர்ந்தது?’ என்று கேட்டால், ‘வரத்து குறைந்ததால்’ என்று செய்தியின் இரண்டாம் வரியையே மாணவர் திருப்பிச் சொல்வார். ‘வரத்து ஓரளவுதானே குறைந்தது, விலை ஏன் மூன்று நான்கு மடங்கானது?’ என்று கேட்டால் செய்தியில் விடை இராது. அந்த விடைக்காக மாணவர் நெகிழ்ச்சிப் பாடத்துக்குச் சென்றாக வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுச் செய்தித்தாளோடு வகுப்புக்குள் நுழைந்தால், பேச்சு அரட்டையாக முடிவதற்கே வாய்ப்பு அதிகம்.

படி 3: செய்தியைச் சுருக்கிப் பிரித்தல்

முழுச் செய்தியையும் நகலெடுத்துக் கொடுக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குச் சுருக்கிக் கொடுங்கள் அல்லது கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர்கள் அதில் நிகழ்ந்தவற்றை ஒரு நிறத்திலும், காரணம் என்று கூறப்படுபவற்றை இன்னொரு நிறத்திலும், கருத்துகளை மூன்றாவது நிறத்திலும் அடிக்கோடிட வேண்டும். ‘கிடுகிடு உயர்வு’, ‘இல்லத்தரசிகள் அதிர்ச்சி’ போன்ற சொற்றொடர்கள் எந்த நிறத்தைச் சேர்ந்தவை என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரியும், பிரியட்டும். (காய்கறி வாங்கும் ஆண்கள் யாரும் அதிர்ச்சியடைவதாக நம் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை என்பதையும் சுட்டிக்காட்டலாம்.)

அலகுகளைச் சரிபார்ப்பதும் இந்தப் படியில்தான். ஒட்டன்சத்திரம், பாலக்கோடு போன்ற மொத்தச் சந்தைகளின் விலை பெரும்பாலும் பெட்டிக் கணக்கில் வெளிவரும். 14 கிலோ பெட்டி, 15 கிலோ பெட்டி என்று இடத்துக்கு இடம் அது மாறும். சில்லறை விலை கிலோக் கணக்கில் வரும். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான், மண்டிக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே விலை எவ்வளவு ஏறுகிறது என்பது புலப்படும். அருகில் உழவர் சந்தை இருந்தால், அங்கே பலகையில் எழுதப்படும் அன்றைய விலையையும், அதே நாளில் தெருவில் வரும் தள்ளுவண்டியில் கேட்ட விலையையும் மாணவர்கள் ஒரு வாரம் குறித்து வரலாம். வித்தியாசம் முழுவதும் இடைத்தரகரின் கொள்ளை என்று மாணவர் முடிவுகட்டும் முன், ஏற்றுகூலி, வண்டி வாடகை, வழியில் நசுங்கி வீணாகும் பழம், விற்காமல் தேங்குவது ஆகியவற்றை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்வியை எழுப்புங்கள்.

படி 4: வரைபடம்

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய படி இது. ‘ஜூலை மாதத்துத் தக்காளிச் சந்தையை வரையுங்கள்’ என்று மட்டும் கூறி, வேறு எந்த உதவியும் செய்யாமல் மாணவர்களை வரையவிடுங்கள். கணிசமானோர் அளிப்புக் கோட்டை இடப்புறம் நகர்த்துவார்கள், அது சரி; ஆனால் விலை ஏறியதால் மக்கள் குறைவாக வாங்கினார்கள் என்று சொல்லித் தேவைக் கோட்டையும் இடப்புறம் நகர்த்திவிடுவார்கள். இரண்டு கோடுகளும் இடப்புறம் நகர்ந்த படத்தில் புதிய சமநிலை விலை (இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்து விலை) பழைய விலைக்கு அருகிலேயே வந்து நிற்கக்கூடும். அப்படி வந்த படம் ஒன்றைக் கரும்பலகையில் வரையச் சொல்லி, ‘உங்கள் படத்தின்படி விலை ஏறவே இல்லையே, செய்தி பொய்யா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அந்த மௌனத்துக்குப் பிறகு விளக்கினால்தான், ஒரே தேவைக் கோட்டின் மீது நகர்வதற்கும் தேவைக் கோடே இடம்பெயர்வதற்கும் உள்ள வேறுபாடு பதியும். விலை ஏறியதால் வாங்கும் அளவு குறைவது தேவைச் சுருக்கம். அது பழைய கோட்டின் மீதே நிகழ்வது. வருமானம், விருப்பம், பதிலிகளின் (ஒன்றுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய பொருள்களின்) விலை போன்றவை மாறினால்தான் கோடு இடம்பெயரும். பாடநூலின் ‘பிற நிலைகள் மாறாதிருப்பின்’ என்ற நிபந்தனையை வழக்கமாக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் மாணவர்கள், அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதை இந்தப் படத்தில் காண்பார்கள். தக்காளிக்குப் பதிலாகப் புளியை மிகுதியாகக் கரைத்த வீடுகளைக் குறித்துப் பேசி, புளிக்கான தேவைக் கோடு எந்தப் பக்கம் நகரும் என்று கேட்பது நல்ல தொடர்ச்சி.

அடுத்து நெகிழ்ச்சி. கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: விலை 30 ரூபாயாக இருந்தபோது வாரம் 2 கிலோ வாங்கியது, விலை 100 ரூபாயானதும் 1 கிலோ வாங்குகிறது. அளவு பாதியாகிவிட்டதால் தேவை மிகவும் நெகிழ்ச்சியுடையது என்று மாணவர்கள் சொல்லக்கூடும். மொத்தச் செலவைக் கணக்கிடச் சொல்லுங்கள்: முன்பு 60 ரூபாய், இப்போது 100 ரூபாய். குறைத்து வாங்கியும் செலவு கூடியிருப்பதால், மொத்தச் செலவு முறைப்படி இது நெகிழ்ச்சி குறைந்த தேவை. சராசரிப் புள்ளி முறையில் (பழைய, புதிய மதிப்புகளின் சராசரியைக் கொண்டு மாற்றத்தின் சதவீதம் காணும் முறை) கணக்கிட்டாலும் நெகிழ்ச்சி ஏறத்தாழ 0.62 என்று, அதாவது ஒன்றுக்குக் குறைவாகவே வரும். படி 2-இல் எழுதிய கேள்விக்கு விடையும் இதுதான். விலை சற்று ஏறியவுடனே மக்கள் வாங்குவதை நிறுத்திவிடும் பொருளாக இருந்தால், குறைந்த வரத்துக்கு ஏற்பத் தேவையும் விரைவில் சுருங்கி, விலையேற்றம் சிறிய அளவிலேயே நின்றிருக்கும். சாம்பாரும் ரசமும் சட்னியும் தக்காளியை நம்பியிருக்கும் சமையலில் அது நடப்பதில்லை.

இதன் மறுபக்கத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும். நெகிழ்ச்சி குறைந்த பொருளின் விளைச்சல் பெருகினால் விவசாயியின் மொத்த வருவாய் குறையும். அதே 2023-இல், உயர்ந்த விலையைக் கண்டு பலரும் பயிரிட்ட தக்காளி ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தபோது, செப்டம்பரில் மண்டி விலை வீழ்ந்தது. நேற்றைய விலையைப் பார்த்து இன்று நடுவதால், விலை ஏறுவதும் இறங்குவதும் மாறி மாறி வருவதைச் சிலந்தி வலைக் கோட்பாடு என்பர். விலை ஏறியபோது எல்லா விவசாயிகளும் லாபம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். மழையில் பயிரை இழந்தவருக்கு 100 ரூபாய் விலையால் ஒரு காசும் வந்திருக்காது.

படி 5: அரசு நடவடிக்கையை ஆராய்தல்

2023 ஜூலை தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு, கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. ஜூலை 4 முதல் சென்னையில் 82 ரேஷன் கடைகளிலும் அதே விலையில் விற்பனை தொடங்கியது. இது உச்சவரம்பு விலையா என்று கேளுங்கள். ஆம் என்றே பெரும்பாலானோர் சொல்வார்கள். உச்சவரம்பு விலை என்றால் 60 ரூபாய்க்கு மேல் யார் விற்றாலும் சட்டப்படி குற்றமாக வேண்டும். இங்கேயோ ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கிடைத்த அதே பொருளை அடுத்த தெருக் கடைக்காரர் 100 ரூபாய்க்கு மேல் தடையின்றி விற்றார். ஒரே ஊரில் ஒரே பொருளுக்கு இரண்டு விலைகள் எப்படி நீடிக்க முடியும்? மலிவு விலைத் தக்காளியின் அளவு வரையறைக்கு உட்பட்டது, அதைப் பெற வரிசையில் நிற்க வேண்டும், வரிசையில் நிற்கும் நேரமும் ஒரு விலையே என்ற இடத்துக்கு மாணவர்கள் வந்துசேர்வார்கள். மாறாக, உண்மையிலேயே உச்சவரம்பு விதித்திருந்தால் கர்நாடகத்தின் கோலார், ஆந்திரத்தின் மதனப்பள்ளிப் பகுதிகளிலிருந்து கோயம்பேட்டுக்கு வரும் லாரிகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

படி 6: பணவீக்கத்துக்குக் கொண்டு செல்லுதல்

பன்னிரண்டாம் வகுப்பாக இருந்தால் இந்தப் படியைச் சேர்க்கலாம். 2023 ஜூலையில் நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டுப் பணவீக்கம் 7.44 சதவீதம், முந்தைய மாதம் அது 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அப்போதைய, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் காய்கறிகளின் எடை (மொத்தத்தில் அவற்றுக்குத் தரப்பட்ட பங்கு) 6.04 சதவீதம், அந்த மாதம் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 37 சதவீதத்துக்கும் சற்று மேல் கூடியிருந்தது. இரண்டையும் பெருக்கினால், தோராயக் கணக்கில், மொத்தப் பணவீக்கத்தில் சுமார் 2.25 புள்ளிகள் காய்கறியிலிருந்து மட்டுமே வந்தன என்பது தெரியும். ஒரு மாதத்தில் ஏறியதில் பெரும்பகுதி அதுதான்.

ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி விகிதத்தை) உயர்த்தாமல் 6.5 சதவீதத்திலேயே வைத்திருந்தது ஏன் என்ற கேள்வியை இதற்குப் பின் வைத்தால், வட்டியை உயர்த்துவதால் தக்காளி காய்க்காது என்ற விடை வகுப்பிலிருந்தே வரும். செப்டம்பரில் பணவீக்கம் 5.02 சதவீதமாக இறங்கியது. அதைச் சொல்லும்போது, பணவீக்கம் குறைந்தது என்றால் விலைவாசி குறைந்தது என்று பொருளல்ல, ஏறும் வேகம் குறைந்தது என்றே பொருள் என்பதைக் கட்டாயம் தெளிவாக்க வேண்டும். செய்தி வாசிப்பவர்களே இதில் அடிக்கடி தடுமாறுகின்றனர்.

படி 7: கட்சி அரசியலைக் கையாளுதல்

விலைச் செய்தி எதுவும் அரசியலைத் தொடாமல் போகாது. மாணவர்கள் வீட்டில் கேட்டதை வகுப்பில் சொல்வார்கள். தடுக்க வேண்டாம், ‘இதனால் யாருக்கு எவ்வளவு லாபம், யாருக்கு எவ்வளவு நட்டம்?’ என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்ற விதியை மட்டும் வையுங்கள். இதற்குப் பயிற்சியாக, 2023 ஆகஸ்ட் 19 அன்று மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விதித்த செய்தியைக் கொடுக்கலாம். நாசிக் மாவட்ட விவசாயி, ஏற்றுமதியாளர், சென்னை உணவக உரிமையாளர், மாதச் சம்பளக் குடும்பம் என்று குழுக்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் நிலையை ஒரு வரைபடத்தோடு மட்டுமே வாதிட வேண்டும் எனக் கூறுங்கள். ஆசிரியர் தம் சொந்தக் கருத்தைச் சொல்லாமல் இருப்பதே சரி என்பது என் எண்ணம். மதிப்பெண் கையில் இருக்கும்வரை ஆசிரியரின் கருத்து விடைத்தாளில் எதிரொலிக்கவே செய்யும்.

படி 8: மதிப்பிடுதல்

தக்காளியைப் பற்றியே தேர்வு வைத்தால் நினைவாற்றலைத்தான் அளப்பீர்கள். மாணவர்கள் இதுவரை காணாத செய்தி ஒன்றை, முட்டை விலையோ ஆட்டோக் கட்டணமோ, ஐந்து வரிகளில் கொடுத்து, எந்தக் கோடு நகர்ந்தது, எந்தக் கோட்டின் மீது நகர்வு நிகழ்ந்தது, செய்தியில் இல்லாத எந்தத் தகவல் கிடைத்தால் தம் விடை மாறக்கூடும் என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பத்து மதிப்பெண்களில் நான்கை மூன்றாவது கேள்விக்கு ஒதுக்குங்கள். முதலிரண்டும் பொதுத்தேர்வுக்குப் பயிற்சியாகும். மூன்றாவதற்குப் பொதுத்தேர்வில் இடமில்லை என்பதால் மாணவர்கள் அதைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள், மதிப்பெண் கூடுதலாக இருந்தால் எழுதுவார்கள்.