கம்ப்யூட்டரிலேயே இருக்கும் கோபைலட்: மலையில் இருப்பவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம்

விண்டோஸ் 11 போட்ட கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடம் கோபைலட் தெரியுமா என்று கேட்டால், கீழே கலர்கலராக ஒரு படம் இருக்கிறதே, அதுதானே என்பார்கள். அழுத்திப் பார்த்தீர்களா என்றால் இல்லை என்பார்கள், அல்லது ஒருமுறை அழுத்திவிட்டு என்ன கேட்பதென்று தெரியாமல் மூடிவிட்டதாகச் சொல்வார்கள். கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், பூண்டும் காரட்டும் போடுகிறவர்கள் என்று நிறையப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோபைலட் என்பது மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் விண்டோஸுக்குள் கொண்டுவந்த ஏஐ உதவியாளர். சாதாரணமாகக் கேட்டுப் பதில் வாங்கக் காசு கட்ட வேண்டாம். (வேர்டு, எக்செல் உள்ளேயே வேலை செய்யும் கோபைலட் வேறு, அதற்குச் சந்தா உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. விவரம் உங்களுடையதாக இருக்கட்டும், எழுதுகிற வேலையை அதனிடம் விடுங்கள். நம் ஊரைப் பற்றி அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று போனால் பாதி நேரம் ஏமாற்றம்தான். நமக்குத் தெரிந்ததைச் சொல்லி அதை ஒழுங்காக எழுதித் தரச் சொன்னால் அருமையான உதவி.

முதலில், இருக்கிறதா என்று பாருங்கள்

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து கோபைலட் (Copilot) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வந்தால் சரி. வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தேடி இறக்கிக்கொள்ளலாம், விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் அங்கே கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள், முடிந்தால் 11-க்கு மாறிவிடுவது பாதுகாப்பு. ஸ்டோரை விட்டுவிட்டு கூகுளில் தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து மட்டும் இறக்காதீர்கள். அதே பெயரில், அதே படத்தோடு போலிகள் சுற்றுகின்றன. வெளியிட்டவர் பெயர் மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் என்று இருக்க வேண்டும்.

2024-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம், ஆல்ட் கீயை ஒட்டி, கோபைலட்டுக்கென்றே ஒரு கீ இருக்கும். அதை அழுத்தினால் நேராகத் திறந்துவிடும்.

திறந்ததும் லாகின் செய்யச் சொல்லும். லாகின் இல்லாமலும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் பழைய உரையாடல்கள் தங்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். விண்டோஸிலேயே நீங்கள் லாகின் செய்திருக்கும் கணக்கு போதும்.

நெட் இல்லாமல் இது ஓடாது. ஆப் நம் கம்ப்யூட்டரில் இருந்தாலும் யோசிக்கிற வேலையெல்லாம் மைக்ரோசாஃப்டின் சர்வர்களில்தான் நடக்கிறது. அதனால் மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போகிற நாட்களில் கோபைலட்டும் போய்விடும். நல்ல பதில் கிடைத்தால் உடனே நோட்பேடில் ஒட்டிச் சேமித்து வைத்துவிடுங்கள், அதைத் தேடுகிற நேரத்தில் நெட் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தமிழில் தட்ட

இதைச் செய்யாமல் ஆங்கிலத்தில் திணறித் திணறிக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும். செட்டிங்ஸ் போய், டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன், அங்கே ஆட் எ லாங்குவேஜ் அழுத்தித் தமிழைச் சேருங்கள். சேர்த்த பிறகு தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் உள்ளே போனால் கீபோர்டைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் 99 பழகியவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து வந்த அமைப்பு, பழகிவிட்டால் இதைவிட வேகம் வேறில்லை. வாட்ஸாப்பில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியே பழகியவர்களுக்கு ஃபோனெட்டிக் கீபோர்டு வசதி. விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலம், தமிழ் என்று மாறி மாறி வரும்.

அதுவும் வேண்டாம் என்றால் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்ளும். கடைசியில் “தமிழ் எழுத்தில் பதில் சொல்” என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

பதிலில் வரும் தமிழ் சில சமயம் அரசாணை மாதிரி விறைப்பாக இருக்கும். “எளிய தமிழில், வீட்டில் பேசுவதற்கு நெருக்கமாகச் சொல்” என்று கேட்டால் இறங்கி வரும்.

முதல் வேலையாக ஒரு கடிதம்

“கொடைக்கானல் பற்றிச் சொல்” என்று ஆரம்பிக்காதீர்கள். அது மலைகளின் இளவரசி, ஏரி, தூண் பாறை என்று நமக்குத் தெரிந்ததையே நமக்குச் சொல்லும். உங்களுக்கு இன்றைக்கு நிஜமாகவே ஆக வேண்டிய வேலை ஒன்றைக் கொடுங்கள்.

நாயுடுபுரம் பக்கம் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் ஓர் அக்கா என்று வைத்துக்கொள்வோம். வெளிமாநிலத்துக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டிருக்கிறார். கோபைலட்டில் அக்கா இப்படித் தட்டலாம்:

“கொடைக்கானலில் என் வீட்டில் இரண்டு அறைகள் வாடகைக்கு விடுகிறேன். ஒருவர் மே மாதம் மூன்று நாள் தங்க அறை கேட்டு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கு ஆங்கிலத்தில் பதில் எழுது. சொல்ல வேண்டியவை: அறை இருக்கிறது. ஒரு நாள் வாடகை 1,800 ரூபாய். காலை உணவுக்குத் தனிக் கட்டணம். வெந்நீர் காலை 6 முதல் 9 வரை. ஒரு கார் நிறுத்தத்தான் இடம். இ-பாஸ் அவரே எடுத்துக்கொண்டு வர வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது. ரயிலில் வந்தால் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அங்கிருந்து மலைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பத்து வரிக்கு மேல் வேண்டாம். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே.”

நீளமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த, வெளியூர்க்காரப் பையனுக்கு எப்படி ஒவ்வொன்றாகச் சொல்வீர்களோ அப்படிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். யாருக்கு, எந்த மொழியில், என்னென்ன, எவ்வளவு நீளம் என்ற நான்கும் இருந்தால் பதில் உருப்படியாக வரும். ஸ்டேஷன் விவரத்தை நாமே கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். பெயரில் கொடைக்கானல் இருப்பதால் இறங்கினால் ஊர் வந்துவிடும் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. அது கீழே அம்மையநாயக்கனூரில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது, கோபைலட் தானாக நினைவு வைத்துச் சொல்லும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பதிலை அழகாக்குகிறேன் என்று, நீங்கள் சொல்லாத பள்ளத்தாக்குக் காட்சியையும் இலவசக் காலை உணவையும் அதுவே சேர்த்துவிடலாம். வருகிறவர் அதைக் காட்டிக் கேட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது, அது என்ன எழுதியிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? நியூ சாட் அழுத்திப் புது உரையாடல் திறந்து, அந்த ஆங்கிலப் பதிலை அப்படியே ஒட்டி, “இதில் என்ன இருக்கிறது என்று வரிவரியாகத் தமிழில் சொல்” என்று கேளுங்கள். பழைய உரையாடலிலேயே கேட்டால் நீங்கள் முதலில் சொன்னதை வைத்தே பூசி மெழுகிவிட வாய்ப்புண்டு. புதிதில் கேட்டால் நீங்கள் ஒட்டியதில் உள்ளது மட்டும் வரும். தொகை, தேதி, நேரம் மூன்றையும் கண்ணால் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பிடிக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டாம். “இன்னும் சுருக்கு”, “கொஞ்சம் மரியாதையாக எழுது”, “இ-பாஸ் விஷயத்தை முதல் வரியில் வை” என்று அடியிலேயே சொல்லிக்கொண்டே போகலாம். நான் பார்த்தவரை பலர் முதல் பதிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நல்ல பதில் இரண்டாவது மூன்றாவது தடவையில்தான் வருகிறது.

எதை நம்பலாம், எதைக் கூடாது

குறிஞ்சி அடுத்து எப்போது பூக்கும் என்று கேளுங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2018-இல் பூத்தது, இனி 2030 என்று பெரும்பாலும் சரியாகவே சொல்லும், ஏனென்றால் அது பல இடங்களில் பல வருஷமாக எழுதப்பட்ட விஷயம். ஆனால் நடுவில் வேறு வகைக் குறிஞ்சிகளும் அங்கங்கே பூப்பதால், இந்த வாரம் எங்கே போனால் பூவைப் பார்க்கலாம் என்பதை ஊர்க்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

இ-பாஸ் இன்னொரு உதாரணம், இதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் சீசனுக்காக எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. இந்த மாதிரி விதிகள் நீட்டிக்கப்படும், தளரும், மறுபடி இறுகும். கோபைலட் சில சமயம் இணையத்தில் தேடிவிட்டுச் சொல்லும், சில சமயம் முன்பு படித்த எழுத்துகளை வைத்துச் சொற்களைக் கோத்துச் சொல்லும். இரண்டாவது வகையில் தெரியாத இடத்திலும் வாக்கியம் தடங்கலே இல்லாமல் வந்துவிடும், அதுதான் ஆபத்து. பதிலுக்கு அடியில் இணைப்பு கொடுத்திருந்தால் அழுத்திப் பாருங்கள், எந்தத் தேதியில் வந்த செய்தி என்று பாருங்கள். கடைசியில் அரசின் இ-பாஸ் தளத்தில் உள்ளதுதான் கணக்கு.

வடுகபட்டிச் சந்தையில் இன்றைக்கு மலைப்பூண்டு என்ன விலை என்று இதனிடம் கேட்க வேண்டாம். மண்டிக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது.

பூண்டுக் கணக்கு

விலையைக் கேட்காதீர்கள் என்றேனே தவிர கணக்குக்கு நல்ல துணை. ஆனால் எண்களைக் கொடுத்துக் கூட்டச் சொல்லாதீர்கள், நீளமான பட்டியலில் தப்பு வரலாம். எக்செல் எப்படிப் போடுவது என்று கேளுங்கள், கூட்டுவதை எக்செல் செய்யட்டும். “மூட்டை எண், எடை, கிலோ விலை, கமிஷன் சதவீதம், வண்டி வாடகை என்று ஐந்து பத்தி இருக்கிறது. ஆறாவது பத்தியில் கைக்கு வரும் தொகை வர வேண்டும். என்ன ஃபார்முலா போடுவது, எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்” என்று கேட்டால் காப்பி செய்து ஒட்டுகிற மாதிரியே தரும். ஒரே ஒரு மூட்டைக்கு மட்டும் கையால் கணக்குப் போட்டு ஒத்துப்பார்த்துவிட்டு, ஃபார்முலா போட்ட கட்டத்தின் கீழ்மூலையை மவுஸால் பிடித்து மீதிக்கு இழுத்துவிடுங்கள்.

படம் காட்டிக் கேட்பது

எழுதுகிற பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கும், அப்டேட் வரும்போது இடம் கொஞ்சம் மாறலாம். அதை அழுத்திப் படமோ ஃபைலோ சேர்க்கலாம். கம்ப்யூட்டரில் புரியாத எச்சரிக்கை ஏதாவது வந்தால் விண்டோஸ் கீ, ஷிஃப்ட், ஆங்கில எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி, அந்தப் பகுதியை மட்டும் மவுஸால் சுற்றிப் பிடித்து, பெட்டியில் வந்து ஒட்டிவிட்டு “இது என்ன சொல்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்” என்று கேளுங்கள். பிரிண்டர் கோளாறுக்கு இது எவ்வளவோ தடவை கைகொடுக்கும். திரையில் “இந்த எண்ணுக்கு உடனே அழைக்கவும்” என்று வந்தால் மட்டும் அழைக்காதீர்கள், அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இலையில் புள்ளி, பூண்டுத் தாள் மஞ்சளாவது போன்ற படங்களையும் காட்டலாம்தான். என்னவாக இருக்கலாம் என்று நாலைந்து காரணம் சொல்லும். அதை வைத்துக்கொண்டு தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் பேசுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் கோபைலட் சொன்னது என்று அடித்துவிடாதீர்கள்.

எதை அதனிடம் கொடுக்கக் கூடாது

ஆதார் எண், வங்கி விவரம், ஓடிபி, பாஸ்வேர்டு எதையும் தட்டாதீர்கள். விடுதிக்காரர்களுக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை ஒரு ஃபார்மில் (முன்பு சி ஃபார்ம் என்றார்கள்) அரசுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது இல்லையா, அதைச் சீக்கிரம் முடிக்கலாமே என்று அவருடைய பாஸ்போர்ட் படத்தை இதில் ஏற்றிப் படிக்கச் சொல்லத் தோன்றும். செய்யாதீர்கள். அவர் அதை உங்களை நம்பிக் கொடுத்திருக்கிறார். ஃபார்மில் எந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள், நிரப்புவதை நீங்களே செய்யுங்கள்.

உங்கள் பெயர் அல்லது படம் இருக்கும் இடத்தை அழுத்தி செட்டிங்ஸ் உள்ளே பிரைவசி பகுதிக்குப் போனால், நீங்கள் பேசுவதை வைத்து ஏஐக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்ற பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள், அணைத்தாலும் கோபைலட் ஓடும். வேண்டாத பழைய உரையாடல்களை அங்கங்கே அழித்தும் விடலாம். ரிசப்ஷனில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பையன்களும் விருந்தாளிகளும் தொடுவார்கள் என்றால், அவர்களுக்கு விண்டோஸில் தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டு உங்கள் கணக்கை லாக் செய்துவிட்டு எழுந்திருங்கள்.