விபத்துப் படம் எடுத்தாச்சு, போடலாமா?

குன்னூர் மலைப்பாதையில் பஸ் உருண்டால், ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே படம் சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. உள்ளூர்ச் செய்திக்காகப் பல வருடம் படம் எடுத்தவன் நான். கீழே வரும் தவறுகளில் சில என்னுடையவை.

முதல் தவறு, அவசரம். 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்த சுற்றுலாப் பஸ்ஸில் வந்தவர்கள் தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்துக்காரர்கள். 9 பேர் இறந்தார்கள். குன்னூர் எங்கே, கடையம் எங்கே! போலீஸ் பக்குவமாகச் சொல்வதற்குள், ஒரு தாயின் போனில் மகளின் உடல் வந்து நிற்கக் கூடாது. வீட்டாருக்குத் தகவல் சொல்லியாச்சா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். சொல்லவில்லையா, நொறுங்கிய பஸ்ஸும் கயிறு கட்டி இறங்கும் தீயணைப்பு வீரர்களும் போதும். எச்சரிக்கை எழுதிவிட்டுப் போடலாமே என்பார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்துக்கு முன்னால் கண்ணில் படுவது படம்தான்.

அடுத்தது, முகத்தை மங்கலாக்கினால் போதும் என்ற நினைப்பு. ஒரு தடவை நானும் அப்படித்தான் அனுப்பினேன். முகம் மறைந்தது, சேலையும் வளையலும் மறையவில்லை. மறுநாள் சவக்கிடங்கு வாசலில் ஒருவர், "அக்கா சேலைய பேப்பர்லதான் சார் பார்த்தேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் என்ன பேச?

ஊகத்தில் பெயர் போடுவதும் தவறு. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. இறந்தவர்களில் பலரை மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் காண முடிந்தது. ராணுவமே காத்திருந்த இடத்தில், கருகிய உடலைப் பார்த்து நாம் எப்படிப் பெயர் எழுத முடியும்?

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் யோசனைக்கே இடமில்லை. படம், பெயர், வீடு, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. சின்ன ஊரில் பள்ளியைச் சொன்னால் பிள்ளையைச் சொன்ன மாதிரி.

சரி, எல்லாவற்றையும் மறைத்துவிடலாமா? அதுவும் தவறுதான். 2021 ஜனவரியில் மசினகுடியில் யானை மீது எரியும் பொருளை வீசினார்கள். தீயோடு அது ஓடும் வீடியோ வெளிவந்தது. யானை இறந்துபோனது. "தீக்காயத்தால் யானை பலி" என்று மட்டும் எழுதியிருந்தால், காட்டுத்தீயோ என்னவோ என்று அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம். அந்தச் சில நொடிகளைக் காட்டியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.