பெல் தியரம்ல எல்லாரும் சறுக்குற இடங்கள்

2022ல ஆஸ்பே, கிளாஸர், ஸைலிங்கர் மூணு பேருக்கும் நோபல் குடுத்தாலும் குடுத்தாங்க, அன்னில இருந்து என்டாங்கிள்மென்ட் (ரெண்டு துகள் எவ்ளோ தள்ளி இருந்தாலும் அதுங்க ரிசல்ட் ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கிட்டு இருக்கறது) பத்தி வீடியோ போடாத ஆளே இல்ல, அதுல ஓடுற தப்புல ஒண்ண நானும் எம்எஸ்சி வைவால தைரியமா சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல சாக்ஸ் கதை. செர்ன்ங்கற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையத்துல, இந்த தியரத்த போட்ட ஜான் பெல்லோட வேலை பாத்த பெர்ட்ல்மன்னு ஒருத்தர் ரெண்டு கால்லயும் வேற வேற கலர் சாக்ஸ் போடுவாராம், ஒரு கால்ல பிங்க் தெரிஞ்சா இன்னொண்ணு பிங்க் இல்லனு பாக்காமயே சொல்லிரலாம். "என்டாங்கிள்மென்ட்டும் இவ்ளோதாங்க"னு முடிச்சிடுறாங்க. ஆனா பெல் 1981ல இந்த சாக்ஸ இழுத்ததே விஷயம் அவ்ளோதான் இல்லனு காட்டத்தான்.

என்டாங்கிள் ஆன ஒரு ஜோடி போட்டான் (ஒளித் துகள்), ஒண்ணு இடது பக்கம் போகுது ஒண்ணு வலது பக்கம். ரெண்டு பக்கமும் போலரைசர், அதாவது திருப்பி வைக்கிற கோணத்தப் பொறுத்து ஒளிய விடுற இல்ல தடுக்குற ஃபில்டர், 0, 30, 60 டிகிரி இந்த மூணுல எதுலயாவது திருப்பி வைக்கலாம், போட்டான் தாண்டும் இல்லனா தாண்டாது. ரெண்டு பக்கமும் ஒரே கோணம் வச்சா பதிலும் எப்பவும் ஒண்ணுதான். இதுவரைக்கும் சாக்ஸ் போதும், அதாவது கிளம்பும்போதே ரெண்டும் ஒரே பிட்ட சட்டைக்குள்ள சொருகிட்டு வருது: 0க்கு தாண்டு, 30க்கு தாண்டு, 60க்கு தாண்டாத, இந்த மாதிரி. இப்ப யோசிங்க, ஒரு பிட்டுல 0க்கும் 60க்கும் பதில் வேற வேறன்னா நடுவுல இருக்க 30ஓட பதில் அந்த ரெண்டுல ஒண்ணோட முட்டிக்கிட்டே, அதாவது வேறயா இருந்தே ஆகணும், வேற வழியே இல்ல. அப்ப 0-60 முட்டிக்கிற தடவை, 0-30 முட்டுறதயும் 30-60 முட்டுறதயும் கூட்டுனதத் தாண்டவே கூடாது. குவான்டம் கணக்கு என்ன சொல்லுதுன்னா 30 டிகிரி தள்ளி இருந்தா 25 சதவீதம் முட்டும், 60 தள்ளி இருந்தா 75. இருபத்தஞ்சும் இருபத்தஞ்சும் அம்பதுதானே? மீதி எங்க இருந்து வந்துச்சு? கிளம்பும்போதே சொருகின பிட்ட மட்டும் வச்சு குவான்டம் கணக்க எட்ட முடியாது, பெல் தியரத்தோட சாரம் இதுதான்.

லேப்ல இத அப்படியே பண்ண மாட்டாங்க, 1969ல வந்த சிஎச்எஸ்எச் கணக்குதான் வழக்கம், ரெண்டு பக்கத்து பதிலும் எவ்ளோ ஒத்துப்போகுதுங்கறத ஒரே நம்பரா சொல்ற கணக்கு அது, அதுல பிட்டு வச்சு எப்படி உருண்டாலும் 2க்கு மேல போக முடியாது, குவான்டம் 2.83 வரைக்கும் போகும். 2015ல நெதர்லாந்துல இருக்க டெல்ஃப்ட்ல எலக்ட்ரான் ஸ்பின் வச்சு, 1.3 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு லேப்ல பண்ணப்போ 2.42 வந்துச்சு.

இப்பதான் எல்லாரும் வழுக்குற இடம். ஒரு ஜோடிய ரெண்டு கோணத்துலதான் அளக்க முடியும், பக்கத்துக்கு ஒண்ணு. 0-60ல அளந்த ஜோடிய 30ல வச்சிருந்தா என்ன வந்திருக்கும்ங்கறது அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா கதைதான், யாரும் பாக்கல. உடனே "பெல் நடக்காத டெஸ்டுக்கும் ரிசல்ட் இருக்குன்னு சும்மா வச்சுக்கிட்டார், அத தூக்கிப் போட்டா லோக்காலிட்டி (இங்க பண்றது தூரத்துல இருக்கறத உடனே பாதிக்காதுங்கறது) தப்பிச்சிரும், ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னு ஒரு பதில் வரும். ஆஷர் பெரெஸ்ங்கற இயற்பியலாளர் 1978லயே நடக்காத சோதனைக்கு ரிசல்ட் கிடையாதுன்னு தலைப்பே வச்சு எழுதியிருக்கார், கேக்க நல்லாத்தான் இருக்கும், நான் வைவால அள்ளி விட்டதும் இதேதான்.

எதுத்தாப்புல இருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார், "சரி தம்பி, பிட்டு இல்ல, அப்ப ஒரே கோணத்துல வச்சா நூத்துக்கு நூறு எப்படிப்பா ஒத்துப்போகுது?" எனக்கு வாய் திறக்கல. வேற வேற ஹால்ல ரெண்டு பசங்க, பேச வழி இல்ல, பிட்டும் இல்ல, ஒவ்வொரு கேள்விக்கும் அங்கயே காசு சுண்டித்தான் பதில் எழுதுறாங்கன்னா பாதி தடவைதானே ஒத்துப்போகும். பிட்ட பெல் சும்மா வச்சுக்கல, ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் 1935ல போட்ட ரூட்டுதான் அது: இங்க பண்றது அங்க ஒட்டாதுன்னா, அதோட எப்பவும் ஒத்தும் போகுதுன்னா, பதில் முன்னாடியே எழுதி இருந்தே ஆகணும். பெல்லோட 1964 பேப்பரே அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. லோக்காலிட்டிதான் பிட்ட கேக்குது, அதனால பிட்ட பிடுங்குனா லோக்காலிட்டிக்குத்தான் இன்னும் கஷ்டம். 1976ல பெல் பிட்டே இல்லாம வெறும் ப்ராபபிலிட்டிய வச்சும் அதே இடத்துக்கு வந்துட்டார். ஒத்துக்காதவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க, என் வோட்டு பெல்லுக்குத்தான். தப்பிக்க நிஜமாவே வழி வேணும்னா விலை ஜாஸ்தி, ஒண்ணு கோணத்த நாம இஷ்டப்படி தேர்ந்தெடுக்கவே இல்ல, அதுவும் போட்டானோட முன்கூட்டியே பேசி வச்சதுன்னு சொல்லணும், இல்ல எல்லா ரிசல்ட்டும் வேற வேற உலகத்துல நடக்குதுன்னு சொல்லணும்.

"நான் இங்க கோணத்த மாத்தியிருந்தாலும் அந்தப் பக்கம் இதே பதில்தான் வந்திருக்கும்"னு பேச்சுவாக்குல எழுதுறாங்க பாருங்க, அங்கதான் லோக்காலிட்டி சத்தமில்லாம உள்ள நுழையுது, அந்த வரிய எழுதுறப்போ கொஞ்சம் நிறுத்தி நிதானிங்க.

ஹிட்டன் வேரியபிள், அதாவது பிட்டு மாதிரி நமக்குத் தெரியாம மறைஞ்சிருக்க தகவல், செத்துப்போச்சுன்னு சொல்றதும் தப்பு. 1952ல டேவிட் போம்ங்கற இயற்பியலாளர் மறைஞ்ச தகவல வச்சுப் போட்ட தியரி இன்னிக்கும் உசுரோட இருக்கு, அது வெளிப்படையாவே நான்லோக்கல், லோக்காலிட்டிய விட்டுட்ட வகை, அடி வாங்குனது லோக்கல் வகை மட்டும்தான்.

அப்புறம் லைட்ட விட வேகமா மெசேஜ் அனுப்பலாங்கறது. முடியாது. எந்தக் கோணம் வச்சாலும் ஒரு பக்கத்து நோட்டுல பாதி தாண்டுச்சு, பாதி தாண்டல, அவ்ளோதான் இருக்கும், எதிர்ப்பக்கம் என்ன திருப்புனாங்கன்னு அதுல ஒரு தடயமும் கிடையாது. ரெண்டு நோட்டையும் ஒரே டேபிள்ல வச்சு வரிக்கு வரி ஒப்பிட்டாத்தான் அந்த 75 தெரியும், அந்த நோட்டு இங்க வரதுக்கு மெயிலோ கொரியரோதான்.