மாமர நிழலுக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி

புல் பிடிக்காமல் வெறும் மண்ணாகக் கிடந்த எங்கள் மாமரத்தடியை இப்போது மூடியிருப்பது, வாய்க்கால் கரைகளில் தானாகவே படரும் மஞ்சள் கரிசலாங்கண்ணிதான்.

சரியான செடியை வாங்குவதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். நர்சரியில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது கொடுக்கப்பட்டது, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த வெடேலியா என்பது, அது ஒரே மழைக்காலத்தில் பக்கத்துப் பாத்திகளையும் விழுங்கிய பிறகே எனக்குப் புரிந்தது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. இரண்டுக்கும் பூ மஞ்சள்தான் என்பதால் பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெடேலியாவின் இலை பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். நம்முடையது மடல் பிரியாமல் நீண்டு, தடவினால் சொரசொரக்கும். ஒரே இலையை நம்பாமல், கொடியின் அடிப்பகுதியில் நான்கைந்து இலைகளையாவது பாருங்கள். இப்போதெல்லாம் நான் கீரை விற்பவரிடம் தண்டுடன் ஒரு கட்டு வாங்கிக்கொள்கிறேன்.

மரத்தடியில் மண்வெட்டியால் ஆழக் கொத்தினால் மேல்வேர்கள் அறுபடும். களைக்கொத்தால் மேலாகக் கிளறி, மக்கிய தொழு உரம் கலந்த மண்ணை இரண்டு அங்குலத்துக்கு மட்டும் பரப்புங்கள். அரையடித் தண்டுகளாக நறுக்கி, இரண்டு கணுக்களாவது மண்ணுக்குள் இருக்கும்படி முக்கால் அடி இடைவெளியில் சாய்வாக நடுங்கள். ஆவணியிலோ புரட்டாசியிலோ நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். அதுவரை மண் காயக்கூடாது. குழாயைப் பீய்ச்சாமல் பூவாளியால் ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: செடி படர்ந்தும் பூக்கவில்லை என்று இதைப் படித்த சிலர் எழுதியிருந்தார்கள். அடர்ந்த நிழலில் இது இலையாகவே நிற்கும் என்பதால், தாழ்ந்த கிளைகளைக் கழித்து, காலை வெயில் இரண்டு மணி நேரமாவது சல்லடையாக விழும்படி செய்யுங்கள். யூரியா போடுபவர்கள் அதை நிறுத்திவிடுங்கள். விழுந்த மாவிலைகளைக் கையால் பொறுக்குவதே நல்லது, ஏனெனில் இரும்பு வாரியால் இழுத்தால் புதிதாக வேர்விட்ட கணுக்களும் சேர்ந்தே வந்துவிடும்.