பினாங்கு வெயிலில் இங்கிலீஷ் டாய் டெரியர்

இங்கிலீஷ் டாய் டெரியர் ஒரு சின்ன நாய்: கறுப்பும் செம்பழுப்பும் கலந்த மேனி, மெழுகுவர்த்திச் சுடர்போல் நிமிர்ந்த காது, முன்காலில் கட்டைவிரல் பதித்ததுபோல் ஒரு கறுப்புப் பொட்டு. உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை 3 கிலோ சுமார். பிறந்த பிரிட்டனிலேயே அருகிவிட்ட இனம்.

அடுக்குமாடி வீட்டில் முதல் எதிரி டைல்ஸ் தரைதான். சோபாவிலிருந்து குதித்து வழுக்கினால் மெல்லிய முன்கால் முறியும், முழங்கால் சில்லு விலகும். கீழே ரப்பர் பாய் விரியுங்கள். குட்டிக்குத் தினம் 4 வேளை உணவு. வயிறு காய்ந்தால் சர்க்கரை இறங்கித் தள்ளாடும். உடனே ஈறில் கொஞ்சம் தேன் தடவி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தார் சாலையில் புறங்கையை 5 விநாடி வைக்க முடியவில்லையா, நடை வேண்டாம். பினாங்கின் சோற்று உணவான நாசி கண்டாரின் குழம்பு ஒரு வாய்கூடக் கூடாது, அதில் நாய்க்கு நஞ்சான வெங்காயம் இருக்கும்.